மொரிஸ் மைனர் கொன்வேட்டிபிள்: வீட்டுக் கராஜில் முதலில் எதைத் தொடுவது?

முற்றத்துவேம்பு (கொக்குவில், யாழ்ப்பாணம்)

எல்லோருக்கும் வணக்கம். சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் நெடுங்காலம் ஓடாமல் நின்ற மொரிஸ் மைனர் கொன்வேட்டிபிள் (மடிக்கும் துணிக்கூரைக் கார்) ஒன்றை வாங்கி, லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். 1 ஸ்ரீ இலக்கத் தகடு. புத்தகத்தில் 1960 என்று இருக்கிறது. 948 சிசி எஞ்சின். கைபிடி போட்டுச் சுற்றினால் இறுக்கம் இல்லாமல் சுற்றுகிறது. ஹூட் துணி இல்லை, கம்பிச் சட்டம் மட்டும் மிச்சம். ஆசனங்களை எலி தின்றுவிட்டது.

வெளிப்பார்வைக்குப் பொடி (கார் உடம்பு) நல்லது போலத்தான் தெரிகிறது. ஆனால் சாரதிப் பக்கக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்ட முடிகிறது. கதவுக்கும் பின் தூணுக்கும் உள்ள இடைவெளி மேலே ஒட்டிக்கொண்டு, கீழே விரல் போகிற அளவுக்கு விரிந்திருக்கிறது.

வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டில்தான் கராஜ். சீமெந்துத் தரை. மிக் வெல்டிங் மெஷின் ஒன்று, கிரைண்டர், கொம்பிரசர் இருக்கின்றன. முதலில் எஞ்சினை இறக்கி, எல்லாவற்றையும் கழற்றி, பொடியைச் சுத்தமாக்கி, பெயின்ற் வேலையோடு தொடங்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வரிசை சரியா? இன்னொன்று, இது உண்மையான கொன்வேட்டிபிளா அல்லது கூரை வெட்டிய சலூனா (நிலையான கூரையுள்ள கார்) என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

ஹாரோமைனர் (இலண்டன்)

வாழ்த்துகள். பெயின்ற்றைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். கதவு சொல்வதை முதலில் கேளுங்கள்.

மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது. தரையும் பக்கத் தகடுகளும் கூரையும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. கூரை இல்லாத வண்டி மூடி எடுத்த அட்டைப்பெட்டி மாதிரி. பாரம் முழுக்கத் தரைக்கும், கதவுக்குக் கீழே முன் தூணிலிருந்து பின் தூண்வரை ஓடும் பெட்டித் தகட்டுக்கும் போகிறது. அந்தப் பெட்டித் தகடு உள்ளே உக்கினால் வண்டி நடுவில் தொய்யும். தொய்யும்போது கதவு வாசலின் மேற்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் விரியும். நீங்கள் எழுதியிருப்பது அச்சொட்டாக அதுதான். கதவுப் பிணைச்சலைச் சரிசெய்தால் தீரும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

உண்மையானதா என்ற கேள்விக்கு, பொனற்றைத் திறந்து எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டில் சேசிஸ் இலக்கத் தகட்டைப் பாருங்கள். 1960 வண்டியென்றால் எம், ஏ, டி (MAT) என்று தொடங்க வேண்டும். டி என்பது டூரர், அதாவது கொன்வேட்டிபிள். இரண்டு கதவுச் சலூன் என்றால் டி இருக்கும் இடத்தில் 2எஸ் என்று வரும். ஆனால் தகட்டை மட்டும் நம்பக்கூடாது, இரண்டு திருகாணியைக் கழற்றினால் தகடு மாறிவிடும். தொழிற்சாலையில் செய்த கொன்வேட்டிபிளுக்கு டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு ஓரத்திலும், கதவுத் தூண்களிலும், பெட்டித் தகட்டிலும் கூடுதல் பலத் தகடுகள் உண்டு. கூரை வெட்டிய வண்டிகள் பலவற்றில் அவை இருக்காது, இருந்தாலும் பின்னாளில் ஒட்டவைத்த அடையாளம் தெரியும்.

---

கோவைலேத் (பீளமேடு)

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. நான் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வேலை பார்த்தவன். டிரையம்ப் ஹெரால்டை அந்தப் பெயரில் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1960களில் செய்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வண்டியில் நாங்கள் முதல் நாளே பாடியை மொத்தமாகப் பிரித்துவிடுவோம். ஒவ்வொரு துண்டாகத் தனியே எடுத்து டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து மாட்டுவோம். வேலை சுத்தமாக வரும். இங்கே ஏன் அப்படிச் செய்யக்கூடாது?

---

ஹாரோமைனர்

நல்ல கேள்வி. இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான். ஹெரால்டுக்கு அடியில் தனி சேசிஸ் உண்டு. பாடித் துண்டுகள் போல்ட்டால் பூட்டப்பட்டவை; கூரையைக் கூடப் போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். ஊர் ஊராக ஹெரால்ட் சலூன்கள் கன்வெர்ட்டிபிள் ஆனதற்கு அதுவே காரணம். கூரை போனாலும் சேசிஸ் தாங்கிக்கொள்ளும்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானபோதே சலூனோடு டூரரும் வந்தது. ஆனால் இரண்டும் ஒரே சேர்ப்பு உடம்பு. அதில் உக்கிய பெட்டித் தகட்டை வைத்துக்கொண்டு எஞ்சினை இறக்கி, கதவைக் கழற்றி, வண்டியைப் பக்கவாட்டில் திருப்பினால் உடம்பு முறுகிவிடும். முறுகிய நிலையில் வெல்டிங் வைத்தால் அது அப்படியே உறைந்துபோகும். அப்புறம் எந்தக் கதவும் பொருந்தாது.

---

நெல்லியடி மெக்கானிக் (வடமராட்சி)

தம்பி, பொடி வேலையை ஹாரோக்காரர் சொன்னபடி செய்யுங்கோ. எஞ்சினைப் பற்றி நான் சொல்லுகிறேன்.

அந்த வண்டி 1990களில் யாழ்ப்பாணத்தில் ஓடியிருந்தால் மண்ணெண்ணெய் குடித்த வண்டியாகத்தான் இருக்கும். 1990இல் பெற்றோல் வராமல் நின்ற பிறகு, மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எல்லாம் எங்களிடம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. தொடங்குவதற்கு மட்டும் துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோனதும், பிள்ளைப்பேற்றுக்கு ஓடினதும் இந்தக் கார்களில்தான். மைனரின் பழைய ஏ சீரிஸ் எஞ்சின் அவ்வளவையும் தாங்கியது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மண்ணெண்ணெய் முழுக்க ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது ரிங்ஸைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். போரிங் (சிலிண்டரின் உட்சுவர்) தேயும், பெயாரிங் தேயும். மேலே வால்வில் கரி கட்டும். என் கைப்பட்ட வண்டிகளில் தட்டுச் சத்தம் வராமலிருக்க டிஸ்ரிபியூட்டரையும் பின்னுக்குத் திருப்பி வைத்திருந்தோம்.

ஆகவே கையால் சுற்றுகிறது என்று நம்பி ஸ்ராட் பண்ண வேண்டாம். சம்பைக் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஒயில் தொட்டி) கழற்றி அடியில் என்ன படிந்திருக்கிறதென்று பாருங்கோ. ஹெட்டைத் திறந்து கரி சுரண்டி, வால்வு அரைத்து, போரிங்கில் மேல்விளிம்பில் படி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கோ. நகம் தட்டினால் அளந்து பார்க்க வேண்டும். பூட்டும்போது வால்வு டப்பெட் இடைவெளி 12 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), டிஸ்ரிபியூட்டர் பொயின்ற் இடைவெளி 15 தவ். பற்றவைக்கும் வரிசை 1, 3, 4, 2.

இதெல்லாம் பொடி முடிந்த பிறகு. அதுவரை பிளக் ஓட்டையால் கொஞ்சம் ஒயில் விட்டு இடைக்கிடை சுற்றி வைத்தால் போதும்.

---

முற்றத்துவேம்பு

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. சொன்னபடி பார்த்தேன். தகட்டில் எம்ஏடி3 என்று இருக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே இரு பக்கமும் தடித்த தகடு இருக்கிறது, தொழிற்சாலைப் புள்ளி வெல்டிங் தெரிகிறது. அப்படியானால் உண்மையானதுதான்.

கெட்ட செய்தி அடியில். கம்பளத்தைத் தூக்கி, கீழே கட்டியிருந்த தாரைச் சுரண்டினேன். பெட்டித் தகட்டின் மேல் தகரத் துண்டுகளை வைத்து, அதன் மேல் தார், அதன் மேல் இன்னொரு தகரம் என்று மூன்று அடுக்கு. ஸ்குரூ டிரைவர் உள்ளே போகிறது. ஜக் வைக்கிற இடம் இரண்டு பக்கமும் இல்லை. முன் தூணின் அடி சாரதிப் பக்கம் உக்கிவிட்டது. பின் வில்லுத் தட்டு பூட்டும் இடம் தப்பியிருக்கிறது.

இதைச் செய்ய எனக்கு முடியுமா? வெல்டிங் தெரியும், கேற், ஜன்னல் கம்பி செய்திருக்கிறேன். கார் தகட்டில் கை வைத்ததில்லை.

---

ஹாரோமைனர்

முடியும். ஆனால் கேற் வெல்டிங்கும் இதுவும் வேறு பழக்கம். 1.2 மில்லிமீற்றர் தகட்டில், 0.6 கம்பியோடு பழைய துண்டுகளில் நன்றாகப் பயிற்சி எடுத்த பிறகே வண்டியில் வையுங்கள். கோடு இழுக்காதீர்கள், தகடு சூடேறி நெளிந்துவிடும். சிறு சிறு புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

வேலை முறையை நான் செய்கிற விதமாகச் சொல்கிறேன். வண்டியை ஜக்கில் தூக்கி நிறுத்திவிட்டு அதற்கடியில் படுக்க வேண்டாம், ஒருபோதும். தடித்த ஸ்ராண்டுகளை முன்னால் சேசிஸ் கால்களுக்குக் (உடம்போடு ஒட்டியே நீளமாக ஓடும் பெட்டித் தகடுகள்) கீழும், பின்னால் வில்லுத் தட்டின் முன் பூட்டுக்குக் கிட்டவும் வையுங்கள். நீர்மட்டம் வைத்து நான்கு மூலையும் சமமா என்று பாருங்கள். நடுவில் தொய்ந்திருப்பதால், தரைக்கு அடியில் வலமிருந்து இடமாக ஓடும் குறுக்குத் தகட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டையும் ஜக்கும் வைத்து மிக மெதுவாக உயர்த்துங்கள். கதவு பூட்டியபடியே இருக்கட்டும். கதவின் மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒரே அளவாகும் கணத்தில் நிறுத்துங்கள். மைனர் வேலையில் இதைவிட முக்கியமான கணம் வேறில்லை. எஞ்சின், கியர்பொக்ஸ் இரண்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓடும்போது அந்தப் பாரம் இருக்கத்தான் போகிறது.

இனி முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே சதுரக் குழாய் வையுங்கள். ஒன்று நேராக, ஒன்று குறுக்காக. வலமிருந்து இடமாகவும் தூண்களை இணைத்து ஒன்று. குழாயின் முனையில் தகட்டுத் துண்டு வைத்து வெல்ட் செய்தால் பிறகு வெட்டியெடுப்பது சுலபம். கதவைக் கழற்றிப் பூட்டிப் பார்க்க இடம் விட்டு வையுங்கள். இப்போதுதான் வெட்டலாம். ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கம் முழுதாக முடிந்து, கதவு பூட்டிப் பார்த்துச் சரியென்ற பிறகே மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பதால்தான் நல்ல வண்டிகள் கெட்டுப்போகின்றன.

நல்ல தகடு மின்னும் வரை பின்னோக்கி வெட்டுங்கள். உக்கிய தகட்டில் ஒட்டினால் வெல்டிங் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும். உள்ளிருந்து வெளியே வாருங்கள்: தரை ஓரம், உட்தகடு, கொன்வேட்டிபிளுக்கான பலத் தகடு, குறுக்குத் தகட்டின் நுனி, கடைசியாக வெளித் தகடு. பழைய புள்ளி வெல்டிங் இருந்த இடங்களில் புதுத் தகட்டில் துளை போட்டு, அந்தத் துளையை நிரப்பி வெல்ட் செய்தால் பலமும் அப்படியே, பார்வையும் அப்படியே. தகடு ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடங்களில் துத்தநாக பிரைமர். முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு தெளியுங்கள். யாழ்ப்பாணத்து உப்புக் காற்றுக்கு இது கட்டாயம்.

---

கனடாக்குருவி (ஸ்காபரோ)

நான் இதில் வேறுமாதிரி யோசிக்கிறேன். இவ்வளவு வேலை செய்கிறீர்கள், கடைசியில் 37 குதிரைவலு எஞ்சினோடு விடுவதா? இலங்கையில் எத்தனையோ மைனருக்கு நிசான் சனி எஞ்சினும் கியர்பொக்ஸும் போட்டு ஓட்டுகிறார்கள். பாகமும் கிடைக்கும், கண்டி மலையும் ஏறும்.

---

நெல்லியடி மெக்கானிக்

அந்த மாற்றம் சலூனில் நானே செய்து கொடுத்திருக்கிறேன். அவை நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் இந்த வண்டிக்கு நான் சொல்லமாட்டேன். காரணம் பழமைப் பற்று இல்லை. கூரை இல்லாத உடம்பு, நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். 948 எஞ்சின் இந்த இரண்டுக்கும் அளவாக வைக்கப்பட்டது. கூடின வலுவைப் போட்டால் பிரேக் மாற்ற வேண்டும், பின் அச்சு மாற்ற வேண்டும், கியர்பொக்ஸுக்கு நடுத் தகட்டை வெட்ட வேண்டும். இப்பதான் தம்பி அந்தத் தகட்டையெல்லாம் ஒட்டப் போகிறார்!

வேகம் வேண்டுமென்றால் பிற்கால மைனரின் 1098 எஞ்சினைத் தேடட்டும். அது அதே குடும்பம், 48 குதிரைவலு, 1962இல் வந்தது. அதோடு வந்த 8 அங்குல முன் டிரம்மையும் சேர்த்துப் போட்டால் நிற்கவும் நிற்கும்.

---

கனடாக்குருவி

பிரேக், உடம்பு பற்றிச் சொன்னது ஞாயம்தான். டைனமோவை எடுத்து ஒல்டனேட்டர் போடுவதிலாவது ஆட்சேபம் இல்லையே? இரவு ஓட்டத்துக்கு அந்தப் பழைய விளக்கு போதாது.

---

கோவைலேத்

அதில் நானும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த வண்டி பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டரை அப்படியே மாட்டினால் டையோடு எரிந்துவிடும். முதலில் பேட்டரியைத் திருப்பி, காயில் ஒயர்களை இடம் மாற்றி, நெகட்டிவ் எர்த் ஆக்க வேண்டும். எஸ்.யூ. பெட்ரோல் பம்ப் பழைய பாயிண்ட் வகை என்றால் இரண்டு எர்த்திலும் வேலை செய்யும். எலக்ட்ரானிக் பம்ப் மாற்றியிருந்தால் அது எந்த எர்த்துக்கானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். துணி சுற்றிய பழைய ஒயரிங் இருந்தால் மொத்தமாக மாற்றுவதே நல்லது. கூரை இல்லாத வண்டியில் மழை நீர் டாஷ்போர்டு வரை போகும்.

முன் சக்கர ட்ரனியனுக்கு (சக்கரம் திரும்பும் திருகு மறை மூட்டு) 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள், கிரீஸ் வேண்டாம்.

---

ஹாரோமைனர்

ஒயரிங் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ட்ரனியன் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். கியர் ஆயில் ஹெரால்டுக்கு உரியது. மைனருக்குக் கிரீஸ்தான், அதற்கென்றே நிப்பிள் இருக்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, சில்லைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும்.

மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைக் கேட்டாக வேண்டும்: அந்தக் கீழ் ட்ரனியன் திருகு மறையால் பூட்டப்பட்டது. மறை தேய்ந்தால் ஒருநாள் கழன்று, முன் சில்லு அப்படியே மடிந்து விழும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாகப் போகும்போது நடக்கும், அதனால் பலர் உயிர் தப்பினார்கள். வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நெடுங்காலம் நின்ற வண்டி, கிரீஸ் கண்டு எத்தனை காலமோ. இரண்டு பக்கமும் கழற்றி மறையைப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புதிதாகப் போடுங்கள். பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

---

முற்றத்துவேம்பு

சாரதிப் பக்கம் முடிந்துவிட்டது. கதவு ஒரு விரல் தள்ளலில் பூட்டுகிறது! படம் போட்டிருக்கிறேன். வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுத் திறந்து பூட்டிக் காட்டினேன். தெருவால் போன சைக்கிள் கடை ஐயாவும் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வெளித் தகடு தவிர எல்லாவற்றையும் இங்கேயே தகடு மடிக்கும் பட்டறையில் செய்வித்தேன். இலங்கையிலேயே மைனர் தகடுகள் செய்ததாக யாரோ சொன்னார்கள், உண்மையா?

இப்போது பிரேக் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றப் போனேன். அது சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே, சேசிஸ் காலுக்குள் இருக்கிறது. போல்ட்டின் நட் கழன்றுவிட்டது, ஆனால் போல்ட் வெளியே வர மறுக்கிறது. எதிலோ முட்டுகிறது.

---

நெல்லியடி மெக்கானிக்

முட்டுவது டோர்ஷன் பார். முன் சஸ்பென்ஷனுக்கு வில்லு கிடையாது, காலடிக்குக் கீழே நீளமாக ஓடும் அந்த இரும்புத் தண்டுதான் முறுகி முறுகி வண்டியைத் தாங்குகிறது. அது போல்ட்டுக்கு நேரே நிற்கிறது. தண்டைத் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். தளர்த்தும்போது கவனம், அதில் பாரம் ஏறியிருக்கும். கீழ்க் கையை ஜக்கால் தாங்கிக்கொண்டு செய்யுங்கோ. திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கத்திலிருந்து போடுங்கோ. அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

இலங்கையில் தகடு செய்தது உண்மைதான். 1990களில் இங்கிலாந்தில் பாத் நகரத்து மைனர் சென்றர்க்காரர் சார்ல்ஸ் வேர், இங்குள்ளவர்களோடு சேர்ந்து பாகங்கள் செய்வித்து அங்கே கொண்டுபோனார். ஊரில் செய்த தகட்டை வெள்ளைக்காரன் வாங்கிப் பூட்டினான் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

---

கோவைலேத்

கதவு பூட்டியதற்கு வாழ்த்துகள் அண்ணா, படத்தில் இடைவெளி அழகாக வந்திருக்கிறது. பெட்ரோல் டேங்க்கை மறக்க வேண்டாம். மைனரில் டேங்க்கின் மேல்பக்கம்தான் டிக்கியின் தரை. சுற்று விளிம்பில் தண்ணீர் தேங்கி மேலிருந்து துரு பிடிக்கும். எந்தக் காரணத்துக்காகவும் டேங்க்கில் நேரடியாக வெல்டிங் வைக்காதீர்கள். காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும்.

---

முற்றத்துவேம்பு

டாங்கை இறக்கி வைத்துவிட்டேன், மேலே ஊசித் துளைகள். புதிது தேடுகிறேன். கடைசிக் கேள்வி ஒன்று, ஹூட் பற்றி. கம்பிச் சட்டம் நல்லது. முன் கண்ணாடிக்கு மேலே பூட்டும் மரச்சட்டத்தைக் கறையான் அரித்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் குஷன் வேலை செய்கிற ஒருவர், துணியை இப்போதே தைத்து வைத்துவிடலாம் என்கிறார். தைக்கக் கொடுக்கலாமா?

---

ஹாரோமைனர்

இப்போது வேண்டாம். மறுபக்கப் பெட்டித் தகடும் முடிந்து, பெயின்ற் முடிந்து, முன் கண்ணாடி ரப்பரோடு பூட்டி, கதவுக் கண்ணாடிகள் ஏறி இறங்கும் நிலை வந்த பிறகே அளவெடுக்க வேண்டும். உடம்பு ஒரு விரற்கடை மாறினாலும் ஹூட் பொருந்தாது. இங்கிலாந்தில் மரச்சட்டம் ஆஷ் மரத்தில் வரும். உங்களுக்குத் தேக்கு நல்லது. பழையது உக்கியிருந்தாலும் எறியாதீர்கள், அதன் வளைவை அட்டையில் வரைந்து தச்சரிடம் கொடுங்கள்.

துணியைப் பூட்டுவதற்கு வெயில் நாளாகப் பார்த்து எடுங்கள். துணியை முற்றத்தில் விரித்துச் சூடேற விட்டு, பின்னாலிருந்து முன்னுக்கு இழுத்து, முதலில் நடு, பிறகு இரண்டு ஓரம். ஆணியை முழுக்க அடிக்காமல் பாதி அடித்து, ஹூட்டை ஒருமுறை மடித்து விரித்துப் பார்த்த பிறகு முழுக்க அடியுங்கள். பூட்டியபின் கொஞ்ச நாள் மடிக்காமல் விரித்தபடியே விட்டால் துணி சட்டத்துக்குப் படியும்.

---

முற்றத்துவேம்பு

சரி, அப்படியே செய்கிறேன். நாளைக்கு இடப்பக்கத்துக்குச் சதுரக் குழாய் வெட்டுகிறேன். குறுக்குத் தகட்டின் நுனி அங்கே இன்னும் மோசம், படம் எடுத்துப் போடுகிறேன். வெட்டுவதற்கு முன் எங்கே கோடு போடுவது என்று பார்த்துச் சொல்லுங்கள்.